மறு: ஃப்ரேம் ரேட், ரெஃப்ரெஷ் ரேட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கணினி ஆட்ட மெனுவின் தமிழாக்கத்துக்கு வந்த சொல் பரிந்துரைகளுக்கு என் பதில்.

> இரண்டும் நொடிக்கு எத்தனை என்ற கணக்குதானே? 'புதுப்பிப்பு வீதம்' என்று ஒரே சொல் போதாதா?

போதாது. படங்களை வரைவது கிராபிக்ஸ் கார்டு. காட்சியின் கனத்துக்கு ஏற்ப அதன் வேகம் ஏறும், இறங்கும். திரை அப்படியில்லை. சாதாரண 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை) மானிட்டர், புதுப் படம் வந்தாலும் வராவிட்டாலும் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை திரையை மறுபடி வரைந்துகொண்டே இருக்கும். அதனால் கார்டின் கணக்குக்கு (ஃப்ரேம் ரேட்) 'படவீதம்', மானிட்டரின் கணக்குக்கு (ரெஃப்ரெஷ் ரேட்) 'திரைவீதம்' என்று முன்மொழிகிறேன். 'புதுப்பிப்பு' ஏற்கெனவே அப்டேட்டுக்குப் போய்விட்டது. ஒரே மெனுவில் அது இரண்டு பொருளில் வந்தால் ஆடுபவர் குழம்புவார்.

> ஸ்மூத்னஸுக்கு 'மென்மை' அல்லது 'வழுவழுப்பு'.

இதில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. இரண்டும் கை தொட்டுச் சொல்வது. இங்கே கண் தேடுவது சீர்.

படவீதம் 40 என்று வையுங்கள். படத்துக்குப் படம் 25 மில்லிநொடி. 60 ஹெர்ட்ஸ் திரையில் வி-சிங்க் (திரையின் ஒரு சுற்று முடிந்த பிறகே அடுத்த படத்தைக் காட்டும் வசதி) போட்டு ஓட்டினால் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 33.3 நிற்கும், மறுபடி 16.7. கேமராவை மெல்லத் திருப்பினாலே திக்கித் திக்கி நகர்வது தெரியும். அதே 40-ஐ 120 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று சுற்று நிற்கும், தாளம் தப்பாது. பிளேஸ்டேஷன் 5-இல் 'ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 2021-இல் கொண்டுவந்த 40 படவீத முறை இந்தக் கணக்கில்தான் நிற்கிறது, அதற்கு 120 ஹெர்ட்ஸ் திரை வேண்டும். கார்டு ஒரு படம்கூடக் கூடுதலாக வரைய வேண்டாம், ஆனாலும் ஓட்டம் மாறிவிடுகிறது. எண்ணிக்கை அப்படியே இருக்க, மாறியது சீர் மட்டும். ஆகவே 'சீரோட்டம்'. அது குலைந்தால் 'திக்கல்'; இதை நாம் புதிதாக உருவாக்கவே தேவையில்லை, வாயில் இருக்கிற சொல்.

வி-சிங்கை அணைத்தால் திரை பாதி வரைந்திருக்கும்போதே அடுத்த படம் நுழைந்து, மேலே பழையதும் கீழே புதியதுமாகத் தெரியும். அதற்குக் 'கிழிசல்' என்று முன்பே ஒருவர் சொன்னார், அருமையான சொல், அப்படியே வைத்துக்கொள்வோம்.

என்விடியா 2013-இல் அறிவித்த ஜி-சிங்க், பிறகு ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் ஆகியவற்றில் கார்டு படம் தரும் வரை திரை காத்திருக்கும். இந்த வசதிக்கு 'மாறும் திரைவீதம்' என்றால் முடிந்தது. 'திரைவீதம்' நல்ல வேர்ச்சொல் என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஃப்ரேம் டைமுக்கு, அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஆகும் நேரத்துக்கு, 'படநேரம்' என்ற முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்குப் 'பட இடைவெளி' பிடிக்கிறது. சராசரி 60 என்று காட்டும் ஆட்டத்திலும் நடுவே ஒரே ஒரு இடைவெளி 50 மில்லிநொடிக்கு நீண்டால் கண் அதைப் பிடித்துவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். மெனு மொழிபெயர்ப்பை அதற்கேற்பத் திருத்துகிறேன்.