நாண் சத்தம் கேட்டதும் மான் தாழ்ந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

மிச்சிகனில் வில்வேட்டை எனக்கு இது இரண்டாவது சீசன். நேற்று சாயங்காலம் மரப் பரணிலிருந்து 30 கெஜத்தில் நின்ற வெள்ளைவால் மான் மேல் அம்பு விட்டேன், நாண் சத்தம் கேட்டதுமே அது கால் மடங்கி, வயிறு புல்லைத் தொடுகிற மாதிரி பொசுக்கென்று தாழ்ந்தது, அம்பு முதுகுக்கு மேலே போய் மண்ணில் குத்தியது. அம்பில் ஒரு மயிர்கூட ஒட்டவில்லை. பாய்ந்து ஓட உந்துவதற்குத்தான் அப்படித் தாழ்கிறதாம், சரி. கணக்கும் போட்டுப் பார்த்தேன்: என் அம்பு நொடிக்கு 280 அடி, சத்தமோ சுமார் 1,100 அடி, அதாவது அம்புக்குக் கிட்டத்தட்ட கால் நொடி முன்பே சத்தம் காதுக்குப் போய்விடுகிறது. நாணில் ரப்பர் கட்டியும் பெரிய வித்தியாசமில்லை. நெஞ்சின் அடிப்பக்கம் குறிவைக்கலாமா, இல்லை 20 கெஜத்துக்குள் வரும்வரை காத்திருக்கணுமா? அப்புறம், காதை விறைத்துக்கொண்டு நிற்கிற மானை விட்டுவிடுவீர்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.