முதல் பிஸ்டல்: கிளாக்கா சிஇசட்டா? எல்லா குண்டும் கீழ இடது பக்கமே போவுது

செந்தூல்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்ல அந்த துருக்கிக்காரர் யூசுப் டிகெச் ஒரு கைய பாக்கெட்டுல விட்டுகிட்டு சாதா கண்ணாடியோட நின்னு சில்வர் அடிச்சாரே, அப்ப புடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல. போன மாசம் கூட்டாளி ஒருத்தன் துப்பாக்கி சுடற ரேஞ்சுக்கு கூட்டிட்டு போனான், கிளாக் 17 பிஸ்டல் குடுத்தாங்க, நல்லா குறி பாத்துதான் சுட்டேன் ஆனா மொத்தமும் கீழ இடது பக்கம் போய் கும்பலா உக்காந்துகிச்சு. நான் வலது கைக்காரன். சொந்தமா வாங்குனா கிளாக் 17 நல்லதா சிஇசட் ஷேடோ 2 நல்லதா? வீட்டுல வச்சு பழகலாமா? நான் இருக்கறது கோலாலம்பூர்ல.

கிள்ளான்_மாறன்:
தம்பி, வாங்குறத பத்தி அப்புறம் யோசி லா. கடைக்குப் போயி காசு கட்டி தூக்கிட்டு வர்ற சாமான் இல்ல இது. மலேசியாவோட 1960 ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேணும், அதுல காத்தழுத்தத்துல சுடற ஏர் பிஸ்டலும் அடங்கும், காத்துதானேன்னு நெனச்சிடாத. லைசென்ஸ் இல்லாம கையில இருந்தா 1971 துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்துல 14 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தான் அடியும் (பிரம்படி) உண்டு. "பொம்மைதான் பாஸ்"னு ஆன்லைன்ல விக்கறானுங்களே, அந்தப் பக்கமும் போகாத. முதல்ல ஒரு கிளப்புல சேரு, அவங்க துப்பாக்கி, அவங்க ரேஞ்சு, அவங்க கோச்சு. சுபாங்ல தேசிய ரேஞ்சே இருக்கு, 2017 சீ கேம்ஸ் (தென்கிழக்காசியப் போட்டி) துப்பாக்கி சுடுதல் அங்கதான் நடந்துச்சு.

பத்துமீட்டர்_அக்கா:
மாறன் அண்ணன் சொன்னதுதான். வீட்டுல துப்பாக்கிங்கற பேச்சே வேணாம்.

கீழ இடதுன்னா பிஸ்டல் மேல பழி போடாத தம்பி, வலது கைக்காரங்க நெறைய பேருக்கு ஆரம்பத்துல அதே எடம்தான். சத்தத்துக்கும் சுடறப்ப பிஸ்டல் பின்னாடி தள்ளற உதைக்கும் பயந்து வெடிக்கறதுக்கு முன்னாடியே மணிக்கட்டு கீழ அமுங்கிடுது, கூடவே ஒரு விரல் மட்டும் வேல செய்யறதுக்கு பதிலா அஞ்சு விரலும் சேந்து நசுக்குது. நம்பலன்னா கோச்சுகிட்ட சொல்லி மேகசின்ல நிஜ தோட்டாவுக்கு நடுவுல வெடிக்காத டம்மி தோட்டா ஒன்ன ஒனக்குத் தெரியாம போட்டு குடுக்கச் சொல்லு. டம்மி வர்றப்ப 'டிக்'குனுதான் கேக்கும், ஆனா பிஸ்டல் மூக்கு மீன் கடிச்ச தூண்டில் மாதிரி கீழ இழுக்கும் பாரு, அப்ப நீயே சிரிச்சிடுவ.

அதனாலதான் சொல்றேன் கிளாக், ஷேடோ மாதிரி 9 மில்லி தோட்டா பிஸ்டல கொஞ்ச நாள் ஓரமா வையி, ஏர் பிஸ்டல்ல பழகு. கிளாக் ட்ரிகர, அதான் விரலால இழுக்கற விசைய, ஏறக்குறைய ரெண்டரை கிலோ பலத்துல இழுக்கணும். ஷேடோ 2 இரும்பு உடம்பு, கனம், உதை கம்மியா தெரியும், ட்ரிகரும் லேசு, ரெண்டுல ஒன்ன சொல்லுன்னா அதத்தான் சொல்வேன், ஆனா கை சின்னதா இருந்தா புடிச்சு பாக்காம முடிவு பண்ணாத. புடிக்கறப்ப விரல் நுனி சதை ட்ரிகர்ல நேரா ஒக்காரணும், எட்டி எட்டி தொட்டா அது ஒனக்கு பெருசு. ஏர் பிஸ்டல்ல அந்தக் கவலை இல்ல, மரக் கிரிப்ப கைக்கு ஏத்த மாதிரி தேச்சுக்கலாம், ட்ரிகர் போட்டி விதிப்படி 500 கிராம் இருந்தாலே போதும், பெரிய சத்தமும் இல்ல உதையும் இல்ல, அதனால பயப்பட வேண்டியது எதுவும் இல்லாம விரல மட்டும் பழக்கலாம். ஒலிம்பிக்ல டிகெச் சுட்டதும் ஏர் பிஸ்டல்தான், கிளாக் இல்ல!

இன்னொன்னு. புதுசா வர்றவங்க எல்லாம் கை ஆடுதுன்னு பதறுவாங்க. ஆடட்டும், யாருக்கும் ஆடத்தான் செய்யும். பிஸ்டல் மேல குறி பாக்க இருக்கற முன் சைட்டும் பின் சைட்டும் நேரா இருந்து மொத்த கையும் 1 சென்டிமீட்டர் நகந்தா 10 மீட்டர்ல குண்டும் அதே 1 சென்டிமீட்டர்தான் தள்ளும், பத்துக்கு 9 பாயிண்ட் கெடைக்கும். ஆனா முன் சைட்டு மட்டும் 1 மில்லி சாஞ்சா குண்டு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் போயிடும், பத்து ஏழாயிடும். அதனால கண்ணு முன் சைட்டு மேலதான், டார்கெட் மங்கலா தெரிஞ்சா தெரியட்டும், கறுப்பு வட்டத்துக்கு கீழ கொஞ்சம் வெள்ளை விட்டு நில்லு. ட்ரிகர நேரா பின்னாடி மெதுவா அழுத்து, வெடிச்ச பெறகும் ஒரு ரெண்டு செகண்டு கைய எறக்காம அப்படியே பாத்துகிட்டு நில்லு, உடனே ஓட்டை எங்கன்னு எட்டிப் பாக்கறவன் அடுத்த குண்டையும் கெடுப்பான். 8, 10 செகண்டுக்குள்ள சுடத் தோணலன்னா எறக்கி வச்சிடு, இழுத்துப் புடிச்சு சுடாத.

செந்தூல்_பையன்:
நன்றி அக்கா, இவ்ளோ விஷயம் இருக்கா! அப்ப வீட்டுல ஒன்னுமே செய்ய முடியாதா?

பத்துமீட்டர்_அக்கா:
முடியும். 1 லிட்டர் தண்ணி போத்தல கைய நீட்டி தோள் உயரத்துக்கு தூக்கி நில்லு, பிஸ்டல் கனமும் ஏறக்குறைய அவ்ளோதான். தோள் நடுங்க ஆரம்பிச்சா எறக்கிடு. ரேஞ்சுக்கு வந்ததும் டார்கெட்ட எடுத்துட்டு வெறும் வெள்ளை பேப்பர் மேல சுடு, ஸ்கோர் ஆசை இல்லாம சைட்ட மட்டும் பாக்க மனசு பழகும். போரடிக்கும், ஆனா செய்யி.

ஆயர்ஈத்தாம்_மாமா:
நான் பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டுக்காரன், பேருதான் அப்படி, இப்ப அங்க சத்தம் போடறது மோட்டார் மட்டும்தான் ஹாஹா. எனக்கு அம்பது தாண்டிடுச்சு, முன் சைட்டே மங்கலா தெரியுது, இனிமே வாய்ப்பில்லையா?

கிள்ளான்_மாறன்:
ஏன் இல்ல மாமா. கண்ணாடிக் கடையில "படிக்க"ன்னும் சொல்லாதீங்க "தூரத்துக்கு"ன்னும் சொல்லாதீங்க, கைய நீட்டினா முன் சைட்டு கண்ணுலேர்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர், அந்த தூரம் பளிச்சுனு தெரியற மாதிரி பவர் போடச் சொல்லுங்க. குறி பாக்காத கண்ண இறுக்கி மூடாதீங்க, களைச்சுடும், ஒரு சின்ன அட்டைய வச்சு மறைச்சா போதும்.

செந்தூல்_பையன்:
ஞாயித்துக்கிழமை கிளப்பு ஒன்ன போய் விசாரிக்கப் போறேன். என்ன போட்டுட்டு போவணும்?

பத்துமீட்டர்_அக்கா:
அடி தட்டையான சப்பாத்து, கழுத்து மூடின சட்டை. ஸ்லிப்பர் வேணாம், பக்கத்து லேன்ல 9 மில்லி சுட்டா காலி தோட்டா சூடா வந்து விழும், அது சட்டைக்குள்ள போயிட்டா கையில பிஸ்டலோட ஆட ஆரம்பிச்சிடுவ. அப்படி விழுந்தாலும் குழல் டார்கெட் பக்கம்தான் இருக்கணும், விரல் ட்ரிகருக்கு வெளிய. காதுக்கு அங்கேயே குடுப்பாங்க.