கிராம சபையில் வடிகால் கேட்டால் தீர்மான நோட்டில் ஏறுவதே இல்லை, என்ன வழி?

மேலத்தெருக்காரன்:
தெருவில் 120 மீட்டருக்கு வடிகால் வேண்டும். கிராம சபையில் கேட்டால் "எழுதிக்கிட்டோம்" என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பார்த்தால் நோட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. எங்கே தப்பு நடக்கிறது?

கோரம்:
எழுந்து நின்று கேட்பது கோரிக்கைதான். நோட்டில் ஏறினால்தான் தீர்மானம். கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பே மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். தலைவர் இல்லாத ஊராட்சி என்றால், அவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரிடம்.

வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், தண்ணீர் போய்ச் சேரும் இடம் எது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "ஆவன செய்யக் கோரப்படுகிறது" என்று முடிக்க விடாதீர்கள், அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது.

கோளாறு பெரும்பாலும் கையெழுத்தில்தான். வந்ததும் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, சாயங்காலம் மேலே தீர்மானங்களை நிரப்பிக்கொள்வது பல ஊர்களில் வாடிக்கை. வருகைப் பதிவில் மட்டும் முதலில் போடுங்கள். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸிலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்திருக்கும் பற்றாளர் முன்னிலையில் தீர்மானங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு தீர்மானப் பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

கூட்டத்துக்கு வந்த ஆள் கணக்கும் முக்கியம். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இது குறைந்தால் தீர்மானமே கேள்விக்குள்ளாகும்.

நிதிப்பக்கம்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எந்தக் கூட்டத்தில் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுக்கான கிராம வளர்ச்சித் திட்டத்தை அக்டோபர் 2 முதல்தான் போட ஆரம்பிப்பார்கள். அந்தத் திட்டத்தின் பட்டியலில் வேலை ஏறவில்லை என்றால், மே மாதத் தீர்மானம் நோட்டிலேயே தூங்கும்.

"நிதி இல்லை" என்று சொன்னால் எந்த நிதி என்று கேளுங்கள். 2021-26 காலத்துக்கு மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது, தலா 30. கழிவுநீர் வடிகால் சுகாதாரப் பங்கில் வந்தது. அதையே "சாலை மற்றும் வடிகால்" என்று சேர்த்து எழுதினால் சாலை மீதி 40 சதவீதத்துக்குப் போனது, அங்கேதான் எல்லா வார்டும் போட்டி போட்டன. ஆகவே இரண்டையும் தனித்தனித் தீர்மானமாகப் போடுங்கள். பட்டியலில் ஏறியதா என்று ஊராட்சித் திட்டங்களைப் பதிவேற்றும் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் பார்க்கலாம்.

புலப்படம்:
இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள். சர்வே எண்ணைப் போட்டால் தமிழக அரசின் இணையதளத்தில் அ-பதிவேடு, அதாவது நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு, வரும். தெருவில் ஒரு துண்டு பட்டா நிலமாக இருந்தால், உரிமையாளர் தானமாக எழுதிக் கொடுக்காமல் ஊராட்சியால் அங்கே கல் வைக்க முடியாது. சாலை ஊராட்சி ஒன்றியத்துடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருந்தால் கிராம சபைத் தீர்மானம் பரிந்துரைதான். நகலோடு அந்த அலுவலகத்துக்குத் தனி மனு போக வேண்டும்.

மேலத்தெருக்காரன்:
நன்றி. பழைய தீர்மானங்களின் நகல் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்களே?

கோரம்:
தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பி.டி.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பொறுப்பு வேறு அலுவலகம் என்றால் அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். "ஏன் எழுதவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். "இன்ன தேதிக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்கள், வருகைப் பதிவு, பற்றாளர் அறிக்கை" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மூன்றும் கைக்கு வந்ததும் கையெழுத்து எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.