எலி மூளை எம்ஆர்ஐ: அடிபடாத பக்கத்திலும் ஏடிசி (திசுவில் நீர் பரவும் அளவு) இறங்குகிறது, என்ன காரணம்?

கேள்வி: ஆய்வு மாணவி, கோவை

வணக்கமுங்க. பக்கவாத ஆய்வுக்காக விஸ்டார் எலியில் (ஆண், 280 கிராம்) வலது நடு மூளைத் தமனியை நைலான் இழையால் நிரந்தரமாக அடைத்து, 2 மணி நேரம் கழித்து ஸ்கேன் எடுக்கிறோம். மனிதர்களுக்கான 3 டெஸ்லா மெஷின், மணிக்கட்டு காயில் (சிக்னலைப் பிடிக்கும் சுருள்). டிஃப்யூஷன் எக்கோ பிளானர் (நீரின் பரவலைக் காட்டும் வேக ஸ்கேன்), பி மதிப்பு (பரவலை எவ்வளவு அழுத்திக் காட்டுகிறது என்ற எண்) 0, 1000, மூன்று திசை, வாக்சல் (படத்தின் ஒரு கனத் துண்டு) 0.5 × 0.5 × 1 மி.மீ. மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் 2 சதவீதம், கடைசி வரை மாற்றுவதில்லை.

எலியை வைத்த 10ஆவது நிமிடம் ஏடிசி (எல்லாம் × 10⁻³ மி.மீ²/வி): அடைத்த பக்கம் 0.50, நல்ல பக்கம் 0.72. 45ஆவது நிமிடம் அடைத்த பக்கம் 0.42, நல்ல பக்கம் 0.61. 0.53க்குக் கீழே இருப்பதைப் பாதிப்பு என்று எண்ணினால் கன அளவு 90லிருந்து 150 மி.மீ³ ஆகிறது. பாதிப்பு பரவுகிறது என்று எழுதலாமா? மூச்சும் நிமிடத்துக்கு 58லிருந்து 28 ஆகிவிடுகிறது. தவிர, காதோரம் படம் இழுபட்டுக் கோணலாகத் தெரிகிறது.

பதில் 1: எம்ஆர்ஐ இயற்பியல், ஈரோடு

பரவுதுன்னு இப்போ எழுதாதீங்க. ரெண்டு பக்கத்தையும் வகுத்துப் பாருங்க: 0.50 / 0.72 = 0.69. 0.42 / 0.61 = 0.69. விகிதம் அசையவே இல்லை. நிரந்தர அடைப்பில் முதல் சில மணி நேரம் பாதிப்பு வளர்வது உண்மைதான். ஆனா அப்படி வளர்ந்தா நல்ல பக்கம் ஏன் சேர்ந்து 15 சதவீதம் இறங்கணும்? ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா இழுக்கிற ஏதோ ஒண்ணு நடக்குது.

சந்தேகப்பட ரெண்டே ஆள். ஒண்ணு கிரேடியன்ட் (காந்தப் புலத்தைத் திசைவாரியா மாத்துற சுருள்) சூடாகி அதன் அளவு நகர்வது, இன்னொண்ணு எலி குளிர்வது. நீரின் பரவல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் மாறும். 15 சதவீதம்னா மூளை 6 டிகிரி போல இறங்கியிருக்கணும். 37ல இருந்த மூளை 31க்கு வந்திருக்கலாம். மேக்னட் அறை 21 டிகிரி, எலிக்குச் சூடு எதுவும் குடுக்கலைன்னா இது நடக்கக்கூடியதுதான்.

எந்த ஆள்னு பிரிக்க: 15 மி.லி. டியூபில் வடிநீர் நிரப்பி, பொடிச்ச ஐஸும் தண்ணியும் கலந்த டப்பாவில் முழுசா அமுக்கி ஒரு மணி நேரம் விடுங்க. டப்பாவோட காயிலில் வச்சு அதே ஸ்கேன் வரிசையை ஓட்டுங்க. 0 டிகிரியில் நீரின் ஏடிசி 1.1. மூன்று திசையிலும் தனித்தனியா அந்த எண் வரணும். ஒரு திசை மட்டும் 5 சதவீதத்துக்கு மேல் விலகினா கிரேடியன்ட் அளவீட்டில் கோளாறு, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க. 45 நிமிஷம் ஓட்டின பிறகும் ஒருமுறை அளக்கணும், அதை விட்டுடாதீங்க. ஐஸ் இல்லாம செய்தா அறை வெப்பத்தைக் குறிச்சுக்கோங்க: 20 டிகிரியில் 2.02, 25ல் 2.30.

பதில் 2: கால்நடை மருத்துவர், நாமக்கல்

அம்மிணி, மூச்சு 28ங்கிறதைப் பார்த்தவுடனே எனக்குக் குளிர்னுதான் தோணுது. உடம்பு குளிரக் குளிர எலிக்கு மயக்க மருந்து கம்மியாவே போதும். நீங்க டயலை 2லேயே வச்சிருக்கீங்க, எலிக்கு அது போகப்போக அதிக டோஸ் ஆகுது. மூச்சு இறங்கினா கரியமில வாயு ஏறும், மூளை ரத்த ஓட்டம் மாறும். பக்கவாத ஆய்வில் அது சின்ன விஷயம் இல்லைங்க.

மயக்க 4 சதவீதம், அப்புறம் 1.5லிருந்து 2க்குள். மூச்சை 40 முதல் 60க்குள் வச்சுக்கோங்க. 40க்குக் கீழே போனா 0.25 குறைச்சு ரெண்டு நிமிஷம் பாருங்க. வேப்பரைசர் (மயக்க மருந்தை ஆவியாக்குற கருவி) அறைக்கு வெளியே இருந்தா நீளமான குழாயில் மாற்றம் போய்ச்சேர நேரமாகும், அவசரப்பட்டு மறுபடி குறைக்காதீங்க. சுத்த ஆக்சிஜன் வேண்டாம், 70 பங்கு நைட்ரஜன், 30 பங்கு ஆக்சிஜன் கலவை நல்லது. இரும்பு சிலிண்டர் அறைக்குள்ள வரவே கூடாது. காதில் உலோக அடையாள வளையம் இருந்தா கழட்டிடுங்க. கண்ணுக்குக் களிம்பு போடுங்க.

இன்னைக்கே ஒண்ணு செய்ங்க: ஸ்கேன் முடிஞ்சு எலியை வெளியே எடுத்த நிமிஷமே மலக்குடலில் 4 செ.மீ. உள்ளே வச்சு வெப்பம் அளங்க. வாசல்ல மட்டும் வச்சா கம்மியாக் காட்டும்.

கேள்வி கேட்டவர்:

டாக்டர் சார், அளந்தோம். 31.4. ஐஸ் டியூப் மூன்று திசையிலும் 1.11, 1.09, 1.10. 45 நிமிடம் கழித்தும் மாறவில்லை. அப்ப குளிர்தான். சூடு எப்படிக் கொடுப்பது? ஹீட்டிங் பேட் உள்ளே கொண்டு போகலாமா?

பதில் 3: எம்ஆர்ஐ டெக்னீஷியன், கோவை

கரண்ட் பேட் வேண்டவே வேண்டாங்க. ஒயர் ஆன்டெனா மாதிரி இரைச்சலை உள்ளே இழுத்து வரும், எலியைச் சுடவும் செய்யும். சுடுதண்ணி சுத்துற ஏற்பாடுதான் சரி.

வாட்டர் பாத்தும் (தண்ணியைச் சூடா வச்சிருக்கிற தொட்டி) பம்பும் கான்சோல் அறையில். சிலிக்கான் குழாய் போக ஒண்ணு, வர ஒண்ணு, சுவரில் இருக்கிற வேவ்கைடு குழாய் (வெளி ரேடியோ இரைச்சலை உள்ளே விடாத துளை) வழியா. உள்ளே எலி படுக்கிற தொட்டிலுக்கு அடியில் அந்தக் குழாயையே நாலு மடிப்பா ஓட்டுங்க. போர் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சு அடைக்கும், சிறுவாணித் தண்ணி கிடைச்சாலும் இதுக்கு வேண்டாம், வடிநீர்தான். பாத் 42ல ஆரம்பிங்க, 6 மீட்டர் குழாயில் பாதி வழியிலேயே சூடு போயிடும். ஏசி குழாய்க்குச் சுத்துற கறுப்பு ஃபோம் போட்டா நிக்கும், ஆனா அலுமினியத் தாள் ஒட்டினது வாங்காதீங்க. எலிக்கு மேலே பபிள் ரேப் போர்த்துங்க. மினுமினுங்கிற மீட்புப் போர்வையில் உலோகப் பூச்சு இருக்கு, அது ஆகாது.

தொட்டிலை கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அக்ரிலிக்கில் கடைஞ்சு தருவாங்க. ஸ்க்ரூ எல்லாம் நைலான்னு அழுத்திச் சொல்லுங்க, இல்லைன்னா பழக்கத்தில் ஸ்டீல் போட்டுடுவாங்க. வெட்டுப்பல்லைக் கொக்கி போடக் குறுக்குக் குச்சி, ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் காதுக் குச்சி: இந்த மூணும் இருந்தாத்தான் தலை அசையாது. மூக்குக் கூம்பு மட்டும் போட்டா ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடும்.

உள்ளே வைக்கத் தெர்மிஸ்டர் (ஒயர் வச்ச வெப்பமானி) வேண்டாம். ஃபைபர் ஆப்டிக் வெப்பமானி கிடைச்சா அதுதான். இல்லைன்னா ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அளந்து, ரெண்டும் 36.5க்கும் 37.5க்கும் நடுவில் வர்ற வரை பாத்தை ஒவ்வொரு டிகிரியா மாத்துங்க.

காதோரக் கோணல் வேற கதை. எலியின் காதுக்கு அடியில் காற்று நிறைஞ்ச எலும்புக் கூடு இருக்கு. மனித மெஷினில் சின்ன படப் பரப்புக்கு எக்கோ பிளானர் ஓட்டினா எக்கோ இடைவெளி (ஒரு சிக்னலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ள நேரம்) நீண்டு, அந்தக் காற்றுப் பக்கம் படம் இழுபடும். சிக்னலைத் துண்டு துண்டா வாசிக்கிற செக்மென்டட் வரிசை உங்க மெஷினில் இருந்தா அதுக்கு மாறுங்க, நேரம் கூடும், பரவாயில்லை. ஷிம் பெட்டியை (காந்தப் புலத்தைச் சமப்படுத்தத் திரையில் குறிக்கிற பகுதி) மூளையோட மட்டும் ஒட்டி வைங்க. உச்சி மயிரை அல்ட்ராசவுண்ட் ஜெல்லில் நனைச்சா மயிருக்குள்ள நிக்கிற காற்று போகும். வாக்சலை மட்டும் குறைக்காதீங்க. ஒவ்வொரு பக்கமும் பாதியானா சிக்னல் எட்டில் ஒரு பங்கு, அதை மீட்க 64 மடங்கு நேரம்.

படத்தில் வலது பக்கம் எதுன்னு தெரிய, வலது காதோரம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை அடையாளமா ஒட்டுங்க. எலி குப்புறப் படுக்குது, பதிவில் மல்லாக்கன்னு போட்டா இடம் வலம் மாறிப்போகும்.

கேள்வி கேட்டவர்:

செய்து பார்த்தோம். பாத் 44, ஐசோஃப்ளூரேன் 1.6, மூச்சு 48 முதல் 52. ஸ்கேனுக்கு முன் 37.1, பின் 36.8. நல்ல பக்கம் 0.73, பிறகு 0.72. அடைத்த பக்கம் 0.50, 0.49. கன அளவு 96லிருந்து 101.

ஒன்று மட்டும், டி2 படத்தில் (இன்னொரு வகை எம்ஆர்ஐ படம்) இப்போது மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் விழுகின்றன. முன்பு எடுத்த நான்கு எலிகளின் ஏடிசியை வெப்பத்துக்கு ஏற்பத் திருத்திச் சேர்க்கலாமா?

பதில் 4: எம்ஆர்ஐ டெக்னீஷியன், கோவை

கோடு, குழாயில் ஓடுற தண்ணியோட பேய் உருவம்ங்க (ஓட்டத்தால் விழுற போலிப் படம்). ஃபேஸ் திசையை (இந்தப் போலிப் படம் நீளுற திசை) இடம் வலமா மாத்துங்க, கோடு மூளையை விட்டு ஒதுங்கும். தலைக்கு அடியில் இருக்கிற மடிப்பை வயித்துப் பக்கம் தள்ளுங்க, அதுவே பெரும்பாலும் போதும்.

பதில் 5: எம்ஆர்ஐ இயற்பியல், ஈரோடு

திருத்த வேண்டாம். ஒவ்வொரு நிமிஷமும் மூளை எவ்வளவு வெப்பத்தில் இருந்ததுன்னு பதிவு இல்லை, 31.4 கடைசி எண் மட்டும்தான். அதைவிடப் பெரிய சிக்கல், குளிர் மூளையைக் காக்கும். அந்த எலிகளில் பாதிப்பே வேற வேகத்தில் நடந்திருக்கும், எந்தச் சூத்திரத்தாலும் அதைத் திருப்ப முடியாது. நாலையும் கணக்கிலிருந்து எடுத்து, காரணத்தோட முறைப் பகுதியில் எழுதுங்க. ஈடா எலி கூடுதலா வேணும்னா நிறுவன விலங்கு நெறிக்குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்த பிறகு எடுங்க.