புதுப்பிப்பு: அத்தையின் வாரிய வீட்டு விண்ணப்பம்

வியாசர்பாடியில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் என் அத்தைக்கு வாரிய வீடு (ஏழைக் குடும்பங்களுக்கு அரசு வாரியம் ஒதுக்கும் அடுக்கக வீடு) கிடைக்குமா, அதுவரை வாடகைக்கு அரசு உதவி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது, ஒதுக்கீடு இன்னும் வரவில்லை.

வாடகை உதவி என்று பலர் பதிலில் குறிப்பிட்ட 24,000 ரூபாய், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (2021 வரை குடிசை மாற்று வாரியம், எங்கள் தெருவில் இன்றும் அதே பெயர்தான்) தனது சிதிலமடைந்த அடுக்ககங்களை இடித்து மீண்டும் கட்டும்போது, அங்கிருந்து தற்காலிகமாக வெளியேறும் குடும்பங்களுக்கு வழங்கும் கருணைத்தொகை ஆகும். முன்பு அது 8,000 ரூபாயாக இருந்தது. அத்தையைப் போன்ற வாடகைதாரர்களுக்கு அது பொருந்தாது. வாடகை ஏறிக்கொண்டே போகும் வடசென்னையில் இது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

தகுதியில் சிக்கல் இல்லை: குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ளது, நாட்டில் எங்கும் சொந்த வீடு கிடையாது. உண்மையான கேள்வி இடம்தான். பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தால் ஏற்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆனால் வியாசர்பாடியைச் சுற்றி வீட்டு வேலை செய்து பிழைக்கும் அத்தைக்கு, நகரின் தென்கோடிக்குக் குடிபெயர்வது வேலையையே விடுவதற்குச் சமம் என்பதால், வடசென்னைத் திட்டப்பகுதிகளையே கோரியிருக்கிறோம்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லுபடியாகும் என்பதால், காலாவதியாகும் முன்பே இ-சேவை மையத்தில் புதியதற்கு விண்ணப்பிக்க உள்ளோம்.