பொன்னுக்கு வீங்கி: யாரிடமிருந்து யாருக்கு? படம் வரைய உதவி தேவை

கடலூர் முதுநகர்ப் பக்கம் இரண்டு மாதமாகப் பொன்னுக்கு வீங்கி பரவுகிறது. இதுவரை 23 பிள்ளைகள். வீடு வீடாகப் போய், கன்னம் வீங்கிய தேதி, டியூஷன், பள்ளி வேன் எல்லாம் நோட்டில் எழுதிவிட்டேன்.

எக்செல்லில் கோடு போட்டால் நூல்கண்டு சிக்கிய மாதிரி இருக்கிறது. கெஃபி என்ற வலைப்பட மென்பொருளில் வலை வருகிறது, தேதி வரிசை போய்விடுகிறது. நோய் வெளிப்பட 12 முதல் 25 நாள் ஆகுமே, தேதி இல்லாத படத்தை வைத்து என்ன செய்வது?

அப்புறம், ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு வேனில் வந்த பையனிடமிருந்தும் தொற்றியிருக்கலாம், டியூஷன் தோழியிடமிருந்தும் தொற்றியிருக்கலாம். வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்றும் என்பதால் இருவரையும் விலக்க முடியவில்லை.

ஆர் (R) நிரல்மொழியும், அதில் நோய்த்தொடர்புகளை வரையும் எபிகான்டாக்ட்ஸ் (epicontacts) தொகுப்பும் லேப்டாப்பில் இருக்கின்றன. தேதியைக் கிடை அச்சில் வைத்து, சந்தேகத் தொடர்பை மட்டும் புள்ளிக்கோடாக எப்படி வரைவது?