கருப்பட்டிக் காபியும் என் சர்க்கரையும்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

எனக்கு வயது 52. போன வருஷம் ஐப்பசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.9 வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், அதுவும் வைராக்கியமாக. வெள்ளைச் சீனி வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உடன்குடிப் பக்கம் போன நண்பரிடம் ஐந்து கிலோ கருப்பட்டி வாங்கிவரச் சொன்னேன். காலையில் இட்லி கிடையாது. பத்து வகைத் தானியத்தை வறுத்து, மாவாகத் திரித்து, ஒரு செம்பு நிறையக் கஞ்சி.

நாலு மாதம் கழித்துப் பார்த்தால் 8.1.

"என்ன சாப்பிடுதீங்க?" என்று டாக்டர் கேட்டார். "எல்லாம் இயற்கைதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "காபிக்கு?" "கருப்பட்டி." "எத்தனை கிராம்?" கருப்பட்டியை யாராவது கிராம் கணக்கில் போடுவார்களா? வீட்டுக்கு வந்ததும், மகள் கேக் செய்ய வாங்கி வைத்திருந்த எலக்ட்ரானிக் தராசை என் மனைவி எடுத்து வந்தாள். வழக்கம் போலக் குழவியால் ஒரு தட்டு தட்டி, கையில் வந்த துண்டைத் தராசில் வைத்தேன். 24 கிராம். ஒரு நாளைக்கு மூன்று காபி. சீனி போட்ட காலத்தில் தம்ளருக்கு ஒரு ஸ்பூன்தான் போட்டிருக்கிறேன்.

கருப்பட்டியில் சீனியில் இல்லாத தாதுச்சத்து கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். கஞ்சி விஷயமும் அப்படியே. தானியம் முழுசாக இருக்கும்போது மெதுவாகச் செரிக்கும். நைசாகத் திரித்துக் குழையக் காய்ச்சினால் சீக்கிரமே ரத்தத்தில் சர்க்கரையாக ஏறிவிடும். இதை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லி, நான்தான் காதில் வாங்காமல் இருந்தேனோ என்னவோ. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து:

எனக்கு நடந்தது வேற மாதிரி அண்ணாச்சி. எங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறோம். மடியில் தட்டோடு உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பது. சோறு முடிந்த கையோடு தூக்குவாளியில் டீ வந்துவிடும், அதைக் குடித்தால்தான் அடுத்த கட்டு ஓடும்.

தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தால் சோகை என்கிறார்கள். எனக்கு ஒரே ஆத்திரம். வாசலில் முருங்கை நிற்கிறது, வாரத்தில் நாலு நாள் கீரைதான், அப்புறம் எப்படி? அங்கே இருந்த நர்ஸ் அக்கா கீரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்ட உடனே டீ குடிப்பியளா?" என்று மட்டும் கேட்டாள். டீயில் இருக்கிற துவர்ப்பு, கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் மாதிரிப் புளிப்பு கூட இருந்தால் நன்றாகச் சேருமாம்.

இப்போது டீ மூன்றரை மணிக்கு. முருங்கைக்கீரைத் துவரனை இறக்கி வைத்தபிறகு அரை மூடி எலுமிச்சை பிழிகிறேன். முதலில் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கீரை மட்டுமே சரியாக்கியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐந்து மாதத்தில் 11.8.

திசையன்விளையிலிருந்து:

முதலில் எழுதிய அண்ணாச்சிக்கு. நாங்கள் பனையேறிக் குடும்பம். "அந்தக் காலத்தில் எல்லாரும் கருப்பட்டிதான் தின்னாங்க, ஒரு நோயும் இல்ல" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தாத்தா தின்றார், வாஸ்தவம்தான். அதோடு காலையில் நாற்பது பனை, சாயங்காலம் அதே நாற்பது பனை ஏறி இறங்கினார். காபிக்குக் கருப்பட்டி போடுகிறவர்கள் ஒரு பனையாவது ஏறட்டும், பிறகு பேசுவோம்.

கோடையில் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவார். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். அதைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. விறகும் ஆள்கூலியும் சேர்த்தால் அது சீனி விலைக்குக் கட்டாது. மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதில் சீனிப்பாகு கலந்திருக்கும். நீங்கள் சீனியை விட்டுவிட்டுச் சீனியையே கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருக்கலாம், அதையும் யோசித்துப் பாருங்கள்.

கடையத்துப் பக்கத்திலிருந்து:

நான் ஒரு முகாமுக்குப் போய் வந்து, அடுப்பில் வைக்காத உணவு மட்டும் என்று பதினாலு மாதம் இருந்தவன். தேங்காய், வாழைப்பழம், முளைகட்டிய பயறு, பேரீச்சை. பொய் சொல்ல மாட்டேன், முதல் நாலு மாதம் அருமை. ஒன்பது கிலோ குறைந்தது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் என்று இருந்தவனுக்கு எட்டு மணிக்கே தூக்கம் வந்தது.

ஒரு வருஷம் ஆனபோது பாதத்தில் எறும்பு ஊருவது போல ஒரு உணர்வு. செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறேன். ரத்தத்தில் பி12 என்கிற வைட்டமின் அடிமட்டம். அது பால், முட்டை, மீன், கறி இவற்றில்தான் கிடைக்கும், செடிகொடியில் இருந்து கிடைக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. ஊசி போட்டார்கள். எங்கள் ஆச்சி மட்டும், "ஏல, மோர் ஊத்திக் குடிக்கக்கூடாதுன்னு எந்தச் சாமில சொல்லிச்சு?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது காலையில் பழமும் பயறும், மத்தியானம் சோறு, தயிர், இரண்டு காய். வாரத்துக்கு நாலு முட்டை. பரோட்டாப் பக்கம் இன்னும் போகவில்லை.

நெல்லை டவுணிலிருந்து:

நான் சென்னையில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். மறுவீட்டில் சொதி போட்டார்கள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. ருசியில் மயங்கி வாராவாரம் செய்ய ஆரம்பித்தேன். அத்தை ஒரு நாள் சட்டியை எட்டிப் பார்த்து, "ஏட்டி, இது விசேஷத்துக்கு உள்ளது. தேங்காப்பால் நெஞ்சில நிக்கும்னுதான் இஞ்சி வச்சிருக்கு. வாரம் ஒருக்க வைக்கணும்னா உளுந்தஞ்சோறு பொங்கு" என்றார்கள்.

அந்த உளுந்தஞ்சோற்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி நீக்காத கறுப்பு உளுந்தம்பருப்பு, வறுத்தது. பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஒரு கை தேங்காய்ப்பூ. எல்லாம் ஒரே பானையில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், பக்கத்தில் அவியல். அரிசியில் குறைகிற புரதக்கூறு உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறைகிறது எள்ளில் இருக்கிறது என்று எங்கள் கல்லூரிப் பாடத்தில் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன். அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவரிடம் இதைச் சொன்னதற்கு, "அதுக்கில்லட்டி, எள்ளுத் துவையல் இல்லாம அது தொண்டைக்குள்ள இறங்காது" என்கிறார்.

சங்கரன்கோவிலிலிருந்து:

எல்லாம் சரி. ஆறு பேர் உள்ள வீட்டில் குதிரைவாலி வாங்கிக் கட்டுப்படியாகுமா? எங்களுக்கு ரேஷன் அரிசிதான். அதைக் குறைத்துப் பொங்கி, சுரைக்காயோ பீர்க்கங்காயோ கூடுதலாக வைக்கிறோம். வேறு வித்தை எதுவும் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

சங்கரன்கோவில்காரர் சொன்னதைத்தான் எனக்கும் கடைசியில் சொன்னார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டுக் கணக்கில் ஒரு நாளைக்கு 250 கிராம் தானியத்துக்கு 400 கிராம் காய்கறி வருகிறது. அதே தராசில் எங்கள் வீட்டுக் காயை நிறுத்துப் பார்த்தோம். என் பங்குக்கு 120 கிராம் தேறவில்லை. இத்தனை நாளும் சோற்றுக்கு மேல் காயைத் தூவிக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது அம்பை 16 அரிசியில் அதே பழைய இட்லி, மூன்றோடு நிறுத்தம், கூடவே ஒரு கிண்ணம் சாம்பார்க் காய். மாத்திரையும் உண்டு. போன வாரம் 7.1.

திசையன்விளைக்காரர் எழுதியதை மனைவி படித்துவிட்டாள். கருப்பட்டி டப்பாவைக் காணோம் என்று தேடினால், பரணில் அண்டாவுக்குப் பின்னால் இருக்கிறது. "வேணும்னா ஏறி எடுத்துக்கிடுங்க" என்கிறாள். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது.